முழங்கால் உயரத்தில் ஒரு கோடு

காலை பத்து மணிக்குத் தரகர் கதவைத் திறந்தார், திறந்த கையைத் தலையில் வைத்துக்கொண்டார். பூட்டிக் கிடந்த வீட்டின் கூடத்தில், முழங்கால் உயரத்துக்கு வெள்ளக் கறை சுற்றிலும் ஓடியது.

பார்க்க வந்திருந்த அக்கா, தங்கை இருவரில், வீட்டை வாங்கவிருந்த தங்கைக்கு முகம் செத்துப்போனது. வெள்ளம் ஏறும் வீட்டுக்கு வங்கி கடன் தராது. இவள் இன்று முடிவு சொல்லாவிட்டால், மாலையில் ரொக்கம் கொடுத்து வாங்க இன்னொருவர் தயாராக இருந்தார்.

வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளருக்குச் செல்லப் பெயர் ‘சந்தேகம்’. உப்பு சரியாக இருக்கிறது என்று மனைவி சொன்னாலும் நாக்கில் வைத்துப் பார்க்கிற ஆள். தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் அவருக்கு அத்துப்படி. இந்த வீடு இருக்கும் இந்தப் பக்கம் மேடு. பூங்கா, நல்ல பள்ளிக்கூடம், குடும்பக்காரர்கள் மொய்ப்பார்கள். அந்தப் பக்கம் பள்ளம். ஸ்டேஷன் அருகில் என்பதால் வாடகைக்கு விட வாங்குவார்கள். பெருமழையில் அங்கே கட்டில் மிதக்கும். தங்கையோடு வந்திருந்த அக்காவின் சொந்த வீடு அங்கேதான்.

அக்கா தையல்காரி. காலையில் ‘சந்தேகம்’ தன் காரில் சகோதரிகள் இருவரையும் அவள் கடையிலிருந்து ஏற்றிக்கொள்ளப் போனபோது அக்கா மண்டியிட்டு, தரையிலிருந்து குச்சி வைத்து, ஒரு பெண்ணின் பாவாடை விளிம்புக்குச் சுற்றிலும் சாக்கட்டியால் குறி போட்டுக்கொண்டிருந்தாள்.

“சாவி யார்கிட்ட இருந்துச்சு?” என்று கேட்டார் ‘சந்தேகம்’.

ஒன்று தன்னிடம், இன்னொன்று தங்கையிடம் என்றார் தரகர். திரைச்சீலைக்கு ஜன்னல் அளவெடுக்க அதை நேற்று அக்காவிடம் கொடுத்ததாகத் தங்கை சொன்னாள்.

“அப்பவே கறையைப் பாத்தேன்,” என்றாள் அக்கா. “சொன்னா பொறாமைன்னு சொல்லுவா. வாயை மூடிக்கிட்டேன்.”

முன்பு வந்து பார்த்தபோது இந்தக் கறை இல்லை, பெயின்ட் பூசி மறைத்து ஏமாற்றிவிட்டார் என்று தங்கை தரகர் மேல் பாய்ந்தாள். ‘சந்தேகம்’ சமையலறைப் பக்கம் போனார். அது ஒரு படி தாழ்வு. கவனிக்காமல் தடுமாறிச் சுவரைப் பிடித்தார். அங்கேயும் கறை முழங்கால் உயரம்தான்.

திரும்பி வந்து அக்காவின் முன்னால் நின்றார்.

“கூடத்துல முழங்கால் அளவு தண்ணி நின்னா, தாழ்வா இருக்கற சமையலறையில இன்னும் ஒரு படி உயரம் ஏறியிருக்கணும். இங்க ரெண்டு இடத்துலயும் தரையிலேருந்து ஒரே அளவு. வெள்ளம் இப்படிக் கோடு போடாதும்மா. பாவாடைக்கு விளிம்பு குறிக்கிற கைதான் போடும்.”

தரகர் பெருமூச்சு விட்டார்.

“வயிறு எரிஞ்சுது,” என்றாள் அக்கா. “நேத்து வரைக்கும் ஒரே தெருவுல இருந்தவ. வீடு வாங்கறதுக்கு முன்னாடியே எங்களை ‘அந்தப் பக்கத்து ஆளுங்க’ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டா. என் பிள்ளைங்க தண்ணியில நடக்கும், இவ பிள்ளைங்க பூங்காவுல ஆடுமா? தாங்க முடியல.”

தங்கை கையை நீட்டினாள். “சாவியைக் குடு.”

அக்கா கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். கூடவே ஒரு துண்டுத் தாளையும் நீட்டினாள்.

“ஜன்னல் அளவு. அதை ஒழுங்காத்தான் எடுத்தேன்.”

தங்கை அதை வாங்கவில்லை. “இந்தப் பக்கமே நல்ல தையல்காரங்க இருக்காங்க,” என்றாள்.