அக்ரூட் இலையில் நான்கு புள்ளிகள்

புள்ளிகள் இலையின் மேற்பக்கத்தில் மட்டும் இருந்தன. ஜூனாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான். புள்ளி நோயென்றால் பழுப்பு வட்டம் அடியிலும் தெரியும். கருகலென்றால் நரம்பையொட்டி எண்ணெய் பட்டதுபோல் பரவும். கண்ணுக்குத் தெரியாத இலைப்பேனென்றால் மேலே கொப்புளம், அடியில் மஞ்சள் பஞ்சு. காஷ்மீரத்து அக்ரூட் மரங்களோடு இருபத்தெட்டு வருடம் வாழ்ந்தவள், இவற்றை விரலால் தடவியே சொல்லிவிடுவாள். இது எதுவுமில்லை. கறுப்பாக, பச்சைக் காய்த்தோலின் கசந்த வாசனையோடு, இலைக்கு நான்கு.

தோட்டக்கலை ஆபீசர் லென்ஸை வைத்துப் பார்த்தார்.

"புள்ளி நோய்தான்க்கா. போன வருச சருகுல தங்கியிருக்கும். மழை தெறிச்சுக் கீழ்க்கிளைக்கு வரும், அப்புறம் ஒவ்வொரு கிளையா மேல ஏறும். சருகைக் கூட்டி எரிச்சீங்களா இல்லையா?"

ஜூனா காலடியில் கிடந்த சருகைப் பார்த்தாள். ஊரே சருகை எரித்துக் குளிர்காலக் கணப்புச் சட்டிக்குக் கரி சேர்த்தபோது, அந்த ஒரு மரத்தடியை மட்டும் அவள் தொடவில்லை. போன அறுவடையில், உச்சிக்கிளை ஒன்றை மட்டும் காய் அடிக்காமல் மிச்சம் வைத்துவிட்டு, கணவர் ரஜாக் விழுந்து இறந்த இடம். அவர் கிடந்த வடிவத்திலேயே சருகு அமுங்கியிருந்தது. கலைக்க மனம் வரவில்லை.

மருந்தடித்தும் புள்ளி மேலே ஏறியது. ஜூலையில் கீழ்க்கிளை. ஆகஸ்டில் நடுக்கிளை. செப்டம்பரில் காய்த்தோல் வெடிக்கத் தொடங்கியபோது, உச்சிக்கு ஒரு கிளை கீழே.

அன்று பிற்பகல், ஏதோ தோன்றி, தன் விரல்களை ஓர் இலைமேல் வைத்துப் பார்த்தாள். கட்டைவிரல் பொருந்தியது. நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் பொருந்தின. ஆள்காட்டி விரலுக்கடியில் மட்டும் இலை பச்சையாக இருந்தது.

ரஜாக்குக்கு அந்த விரல் கிடையாது. வைக்கோல் வெட்டும் இயந்திரத்தில் போனது.

தலைக்கு மேலே கழியால் காய் அடிக்கும் சத்தம். அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே மகன்.

"மன்சூர்! இறங்குடா!"

"ஆரம்பிச்சிட்டியாம்மா? ஊர்ல ஒருத்தனும் இந்த மரத்துல ஏறமாட்டேங்குறான். நானும் பயந்தா, காக்காவா வந்து அடிச்சுக் குடுக்கும்?"

"காய் நாசமாப் போகட்டும். நீ இருந்தாப் போதும்டா எனக்கு."

"உச்சிக்கிளை ஒண்ணுதான் பாக்கி. போய் உப்பு டீ போடு, வந்துடறேன்."

அவள் மண்டியிட்டாள். இரண்டு கையாலும் சருகை வாரினாள். இப்போதாவது எரித்துவிட வேண்டும். இப்போதே. அந்த அமுங்கலைத் தேடிய கை நின்றது.

அமுங்கல் இல்லை. படுத்திருந்தவர் எழுந்துபோன மெத்தைபோல் சருகு உப்பியிருந்தது.

மேலே கழிச் சத்தம் நின்றது. காற்றில்லை. கிளை மட்டும் ஆடியது.

"அம்மா..." அவன் குரலில் இப்போது சிரிப்பில்லை. "எனக்குப் பின்னால யாரு ஏறி வர்றது?"

அண்ணாந்து பார்த்தாள். கிளைமேல் அவனுடைய வெறுங்கால். வெளுத்த கணுக்கால். அதில் ஒரு கறுப்புப் புள்ளி. கட்டைவிரல் அளவு. எதிர்ப்புறம் ஒன்று. ஒட்டி இன்னொன்று. இன்னொன்று.

நான்கின் அடியிலும் சதை மெல்ல உள்ளே குழிந்தது.