கறுப்புக் காயில் தவிடு

ஆறாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். ரைஸ்மில்லில் மூட்டை தூக்கும் ஏகாம்பரம், மகளுக்கு வாங்கிய செல்போனுக்காக அப்துல் ஜப்பாருக்குத் தரவேண்டிய பாக்கி. ஆனால் போலீசில் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஞானசுந்தரியின் வீட்டுக்கு ஜப்பார் ஓடிவந்தது பணத்துக்காக அல்ல.

"காசு போனாப் போவுதுக்கா. இருபது வருசப் பழக்கம். உத்திரமேரூர் கடைத்தெருவே கேக்க என்னைத் திருடன்னுட்டான்."

விஷயம் இதுதான். ஜப்பாரின் செல்போன் கடையில் ஏகாம்பரம் பலகையில் காய் வைத்துக் கம்ப்யூட்டரோடு செஸ் ஆடினார். ஆளுக்கு முப்பது நிமிஷம். டிரா ஆனாலே கடன் தள்ளுபடி என்பது பந்தயம். ஆட்டம் சமமாக நின்றபோது ஏகாம்பரத்தின் நேரம் தீர்ந்து, அவர் தோற்றதாகிவிட்டது.

"கெடிகாரத்துலதான் வேலை காட்டிக்கீறே பாய்!" என்று ஜப்பாரையே சாடியபடி ஞானசுந்தரியின் கணவர் சுப்பிரமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினார்.

கடையில் பலகை கலைக்கப்படாமல் இருந்தது. சுப்பிரமணி கம்ப்யூட்டர் கடிகாரத்தைத் தன் வாட்ச்சோடு வைத்துப் பார்த்தார். ஒரு நொடிகூடப் பிசகவில்லை. அவர் முகம் தொங்கிப்போனது. ஞானசுந்தரி பார்த்தது காய்களை. வெள்ளைக் காய்களில் தவிடு ஒட்டியிருந்தது. கறுப்பிலும்தான். நகராமல் மூலையில் நின்ற கறுப்பு யானை மட்டும் பளிச்சென்று இருந்தது.

"ஏகாம்பரத்தைக் கூப்புடுங்க."

வந்தவர் ஜப்பாரை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஞானசுந்தரி ஏகாம்பரத்திடம் கேட்டார்.

"நீ வெள்ளைதானே ஆடினே? கறுப்புல உன் கைத்தவிடு எப்படி வந்துது?"

"நான்தாம்மா நவுத்தனேன். கம்ப்யூட்டருக்கு இன்னா, கையா கீது? பாய்க்கும் ஆட்டம் தெரியாது. அவரு பார்த்துப் படிப்பாரு, நான் கட்டம் எண்ணி வெப்பேன். எதிர்ல கீறதத் தூக்கி வெக்கறதுதானே நம்ம பொயப்பு?"

"அது தன் ஆட்டத்தைத் திரையில காட்டுனதும் அதோட கடிகாரம் நின்னுடும், உன்னுது ஓடும். பாய் படிக்கிறதும் நீ எண்ணி வைக்கிறதும் உன் நேரத்துல. எங்க, ஒருவாட்டி செஞ்சு காட்டுங்க."

"பதினஞ்சு செகண்டு!" வாட்ச்சைப் பார்த்துச் சுப்பிரமணி கூவினார். திரையில் கறுப்பு ஆடிய கணக்கைப் படித்தார். "நாப்பத்துநாலு தபா... பதினோரு நிமிசம்!"

"யாரும் திருடல," என்றார் ஞானசுந்தரி. "கம்ப்யூட்டருக்கு யோசிக்க மட்டும்தான் நேரம் செலவாச்சு. இவன் யோசிக்கவும் செஞ்சான், அதுக்குக் கூலியாளாவும் இருந்தான். ரெண்டு பேருமே அதைக் கவனிக்கல."

"கடனே வேணாம்பா, வுட்டுடு," என்றார் ஜப்பார்.

"சும்மா வோணாம் பாய். அந்தப் பதினோரு நிமிசத்தக் குடு."

விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடர்ந்தது. கறுப்புக் காய்களை இம்முறை ஜப்பார் நகர்த்தினார். அவர் காயை வைத்தபிறகே ஏகாம்பரத்தின் நேரத்தைச் சுப்பிரமணி எண்ணினார். ஜப்பார் குதிரையை நேராக ஓட்டினார்.

"யோவ் பாய், அது குதிரைய்யா, ஷேர் ஆட்டோ இல்ல!" ஏகாம்பரம் சிரித்துவிட்டார். ஜப்பாருக்கு மூச்சு வந்தது.

ஒன்பதாவது நிமிஷம் காய்கள் எல்லாம் அதே கட்டங்களில் மூன்றாம் முறையாக வந்து நின்றன. செஸ் விதிப்படி அது டிரா.

"நாப்பத்துநாலு தபா தூக்கி வெச்சேனே, அதுக்குக் கூலி?"

"டீ சொல்லிக்கீறேன், குந்து," என்றபடி ஜப்பார் நோட்டைத் திறந்து, ஆறாயிரத்து முந்நூற்றைம்பதின்மேல் அழுத்தி ஒரு கோடு இழுத்தார்.