தோளுக்கு மேலே மட்டை

ஒரே அடி!

ரெக்ஸ்டேல் புறநகரில், பழைய பேஸ்போல் வீரர்களின் பட அட்டைகள் விற்கும் கடையின் பின்னறையில், முதலாளி கென் செத்துக் கிடந்தார். பக்கத்தில் மட்டை...

1993 மார்ச். அடுத்த நாள் பகல். பொலிஸ் நிலையம்.

"அமிர்தன்ர பேரில கொலைக் கேஸ் எழுதப் போறாங்கள், தங்கச்சி," என்றார் மொழிபெயர்ப்பாளர் நீக்கிலாப்பிள்ளை.

வேரோனிக்கா கதிரையை விட்டு எழுந்தாள்.

அவள் கென்னின் கடையில் வேலை செய்பவள். முதல் நாள் வேளைக்கே வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொல்லியிருந்தாள். அமிர்தன் அவள் கணவன். மனைவியின் கையைப் பிடித்ததற்காகக் கென்னுடன் கடை வாசலில் சண்டை போட்டவன்.

போதாதா!

தெருவில் நின்ற கிழவி ஒருத்தி பின்னறை ஜன்னல் திரையில் நிழலைக் கண்டிருக்கிறாள். தடித்த கோட்டு. தோளுக்கு மேலே மட்டை. வெளியே விரிந்த முழங்கை. லேசாகத் தூக்கிய முன்கால்... பேஸ்போல் அட்டையில் நிற்பவனைப்போலவே இருந்ததாம்.

அந்த அட்டைகள் வேரோனிக்காவுக்கு மனப்பாடம். ஆறு மாதமாக ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டவள்.

பந்து எறிபவன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியிருப்பான். சோதனைச் சாவடியில் நிற்பவனைப்போல... அவனைப் பார்க்கப் பிடிக்காது.

மட்டைக்காரனைப் பிடிக்கும். ஐம்பது வருடமாக ஓங்கியபடி நிற்கிறான். இன்னும் அடிக்கவில்லை. அந்தப் படத்துக்குள் இருக்கும்வரை அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

"அவருக்கு உப்பிடி நிக்கத் தெரியாதண்ணை. கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். ஒரு மட்டையைக் குடுத்துப் பாக்கச் சொல்லுங்கோ."

கொடுத்தார்கள்.

அமிர்தன் குனிந்தான். மட்டையின் நுனியைத் தரையில் ஊன்றி நின்றான்.

துப்பறிவாளர் மெக்காலி சிரிக்கவில்லை. நடிக்கிறான் என்றார். விலங்கை எடுத்தார்.

அமிர்தன் மனைவியைப் பார்த்தான். ஒன்றும் புரியாத கண்கள்...

இந்தக் கண்களைச் சிறைக்கு அனுப்பிவிட்டு எந்த வீட்டுக்குப் போவது?

அவன் கையிலிருந்த மட்டையை வாங்கினாள்.

தூக்கினாள். தோளுக்கு மேலே. முழங்கை விரிந்தது. முன்கால் தரையை விட்டு எழுந்தது...

அடையாளம் காட்ட ஒருத்தியைக் கண்ணாடிக்கு அப்பால் நிறுத்தியிருந்தார்கள்; அங்கிருந்து கதவு தட்டப்பட்டது. சாட்சிக் கிழவி! அந்த நிழல் இதுதான் என்றாள்.

"அவரை விடுங்கோ," என்றாள் வேரோனிக்கா. "கென் நேற்றுக் கதவைப் பூட்டினவர். நான்தான் அடிச்சனான்."

மெக்காலி அவள் முழங்கையையே பார்த்தபடி மெதுவாக ஏதோ கேட்டார்.

"இவ்வளவு திறமா நிக்க ஆர் பழக்கினது எண்டு கேக்கிறார், தங்கச்சி."

"கென்தான்... சம்பளமும் தந்து, அந்த அட்டையளைக் காட்டிப் பழக்கினவர்."