பதினோரு குடத்து மணி

அந்தப் பள்ளிக்கூட மணியின் விலை பதினோரு பித்தளைக் குடங்கள். பள்ளி தொடங்கிய வருஷம் மணி வாங்கக் கையில் காசில்லாமல், பதினோரு வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு குடம் கொடுத்து உருக்கி வார்த்தார்கள். அதன்பிறகு அதற்கு யாரும் விலை சொன்னதில்லை. சொல்லிப் பார்த்த பழைய இரும்பு வியாபாரி ஒருவரைத் தலைமையாசிரியர் வாசல்வரை விரட்டிக்கொண்டு போனதாகக் கேள்வி.

முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு விழாவன்று காலையில் பார்த்தால் அந்த மணியைக் காணவில்லை.

செய்தியைக் கொண்டுவந்தவள் மணியடிக்கும் பியூனின் மனைவி. பள்ளிச் சுவரோரம் இஸ்திரி வண்டி வைத்திருப்பவள். பழைய பாத்திரக் கடைக்குள் அவள் நுழைந்த வேகத்தில் தொங்கிய தட்டுகளே ஒருமுறை ஆடி அடங்கின. கல்லாவில் இருந்தவரை ஊர் ‘தராசு’ என்று கூப்பிடும். பாத்திரத்தைப் போலவே மனுஷரையும் தட்டிப் பார்த்து எடை சொல்லிவிடுவார் என்பதால் வந்த பெயர். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய தங்கை கணவர், மாப்பிள்ளை. இன்சூரன்ஸ் ஏஜென்ட். பாலிசி விற்காத நேரமெல்லாம் மைத்துனரோடு துப்பறியப் போவதில் அவருக்கு அப்படியொரு ஆசை.

“அண்ணே, என் வீட்டுக்காரரைத் திருடன்னு சொல்லிட்டாங்க” என்றாள். “வாயால சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல. மைக் வச்சு சொன்னாங்க.”

“யாரு?”

“சங்கத் தலைவரு, அந்தக் கான்ட்ராக்டரு. மைக் சரியா இருக்கான்னு பாக்கற சாக்குல, பந்தல் போடுறவன், நாற்காலி இறக்குறவன், என்கிட்டத் துணி கொடுக்குறவங்க எல்லார் முன்னாலயும். சாயங்காலத்துக்குள்ள மணி வரலைன்னா போலீசாம், வேலையும் போயிடுமாம்.”

“மணியை வித்தா என்ன கிடைக்கும்னு உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?”

“இந்த ஊர்ல பழைய பித்தளை எடுக்குற ஒரே கடை உங்க கடை. இங்க வந்துச்சா?”

“வரலை.”

“அப்புறம் என்ன கேள்வி?”

தராசு தலையாட்டினார். பேரத்தில் அவர் முதல் வாக்கியத்திலேயே தோற்றதை மாப்பிள்ளை அன்றுதான் பார்த்தார்.

“கூலி நாலு சட்டை தேச்சுக் குடு.”

“ரெண்டு.”

“மூணு.”

“ரெண்டுதான். ஆனா கஞ்சி போட்டு.”

“சரி. நேத்து சாயங்காலம் ஏதாவது சத்தம் கேட்டியா, தங்கச்சி?”

“கேட்டேனே. இருட்டுற நேரம். ஒருதரம் கணீர்னு அடிச்சுது. ரெண்டாவது தரம் ஓட்டைப் பானையத் தட்டின மாதிரி டொக்குன்னுச்சு. அப்ப இவரு என் பக்கத்துல உக்காந்து கரி ஊதிக்கிட்டு இருந்தாரு. அதைச் சொன்னேன். பொண்டாட்டி சாட்சி செல்லாதுன்னுட்டாரு தலைவரு.”

சங்கத்தை ஊரே அறியும். வருஷாவருஷம் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்பார்கள். புதிதாக ஒரு மரக்கன்று நடுவார்கள். போட்டோ எடுத்ததோடு அவர்கள் பங்கு முடிந்துவிடும், தண்ணீர் ஊற்றுவது பியூன். விழாவுக்கு முந்தின நாள் எல்லாரும் கூடி வகுப்பறைகளுக்கு வெள்ளையடிப்பார்கள். விழாவின் உச்சம் மணியடிப் போட்டி. ஒரே வருஷம் படித்து முடித்தவர்கள் ஒரு செட். ஒவ்வொரு செட்டும் ஓர் ஆளை அனுப்பும். மரச்சுத்தியலால் ஒரே ஓர் அடி. யாருடைய நாதம் அதிக நேரம் நிற்கிறதோ அந்தச் செட்டுக்கு முன்வரிசை. கடந்த மூன்று வருஷமும் முன்வரிசையில் உட்கார்ந்தது செயலாளரான பல் டாக்டரம்மாவின் செட். மூன்று வருஷமும் தலைவர் பின்னால் உட்கார்ந்து பல்லைக் கடித்தார்.

பள்ளி வாசலில் தலைவர் வழிமறித்தார். வெள்ளை வேட்டிக்கு மேல் வெள்ளைச் சட்டை, அதற்கு மேல் கோபம்.

“பாத்திரக் கடைக்காரருக்கு இங்க என்ன வேலை?”

“காணாமப் போனது பித்தளைங்க. எங்க சாதிசனம்” என்றார் தராசு, சிரிக்காமல்.

“கேட் சாவி மூணே பேர்கிட்ட. நான், டாக்டர், பியூன். டாக்டர் திருடுவாங்களா, நான் திருடுவேனா? மிச்சம் யாரு?”

“கழித்தல் கணக்கு நல்லா வருது உங்களுக்கு. நான் கொஞ்சம் கூட்டிப் பாத்துடறேன்.”

மணி தொங்கிய தாழ்வார உத்தரத்தில் அறுந்த கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. எட்டாத உயரம். அதையொட்டிய வகுப்பறையில் பெஞ்சுகளை எல்லாம் வெளியே எடுத்துவிட்டிருந்தார்கள். நான்கு சுவரும் புது வெள்ளையில் ஒன்றுபோல இருந்தன. கரும்பலகையைக் கழற்றி, கறுப்படித்துத் தாழ்வாரத்தில் காயவைத்திருந்தார்கள். கிழக்குச் சுவரில் அதை மாட்டும் இரண்டு கொக்கிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அறையில் மிச்சமிருந்தது ஆசிரியர் மேசை ஒன்றுதான். அது மேற்குச் சுவரோரம், அறையைப் பார்த்தபடி ஒழுங்காகப் போடப்பட்டிருந்தது. மேசைமேல் சுண்ணாம்பு ஒட்டிய செருப்புத் தடம், கயிற்றுப் பிசிறு.

“இதுமேல ஏறித்தான் அறுத்திருக்கான் மச்சான்” என்றார் மாப்பிள்ளை. “முடிச்சுட்டுத் திருப்பி வச்சுட்டுப் போயிருக்கான். ஒழுக்கமான திருடன்.”

“ரொம்ப ஒழுக்கம்” என்ற தராசு, மேசையை அறையின் நடுவுக்கு இழுத்து விட்டார்.

மூலையில் தலைகுனிந்து நின்றிருந்த பியூனிடம், “நேத்து நீ போகும்போது இது எங்க இருந்துச்சு?” என்று கேட்டார்.

“கொக்கிக்குக் கீழதாங்க. எப்பவும் அங்கதான்.”

தாழ்வாரக் கோடியில் வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பு ஒரு சின்னப் பீப்பாயில் நின்றது. யோசனை செய்யும் தோரணையில் மாப்பிள்ளை அதன் விளிம்பில் கையூன்றினார். முழங்கைவரை வெள்ளை.

“நாசமாப்போச்சு. மனுஷன் நிக்கிற இடத்துல இப்படியா வழிய வழிய வைப்பாங்க?”

“வழிய வழியவா?” பியூன் நிமிர்ந்தான். “நேத்து பாதிதாங்க மிச்சம். கொட்டப் போனேன். தலைவர்தான் தொடாதே, ராத்திரி என் லாரி வந்து எடுத்துட்டுப் போகும்னாரு. லாரி இன்னும் வரலை.”

மாப்பிள்ளை கைக்குட்டையைத் தேடினார். தராசு பீப்பாயைப் பார்த்தார், தலைவரின் கல்யாண மண்டபம் போன்ற காரைப் பார்த்தார், பிறகு எல்லாரையும் வகுப்பறைக்குக் கூப்பிட்டார்.

தலைவர், டாக்டரம்மா, பியூன், அவன் மனைவி, மாப்பிள்ளை. உட்கார நாற்காலி இல்லை.

“தலைவரே, நின்னுக்கிட்டுப் பேசினா பஞ்சாயத்து மாதிரி இருக்கு. மேசையை நடுவுல இழுத்துப் போட்டது நான்தான். அது இருக்க வேண்டிய இடத்துல போடச் சொல்லுங்க.”

“அந்தப் பக்கம் தள்ளுய்யா” என்று தலைவர் மேற்குச் சுவரைக் காட்டினார்.

“ஏன் அங்க?” என்றார் டாக்டரம்மா. “வாத்தியார் மேசை கொக்கிப் பக்கம்ல இருக்கும்?”

“எந்தக் காலத்துல? நான் படிச்ச நாள் முழுக்க வாத்தியார் அங்கதான் உக்காந்தாரு. அங்க நின்னு நான் வாங்காத அடியா?”

“உங்க காலத்துல சரி. அந்தப் பக்கம் வெயில் அடிக்குதுன்னு போர்டை இங்க மாத்திட்டாங்க. நாங்க சேரும்போதே இப்படித்தான்.”

தராசு மேசையின் செருப்புத் தடத்தை விரலால் தட்டினார்.

“மொத விஷயம். திருட வந்தவன் மணியடிச்சுட்டுத் திருட மாட்டான். நேத்து யாரோ அடிச்சிருக்காங்க, ரெண்டு அடி. மொத அடி நல்ல மணி. ரெண்டாவது அடி கீறல் விழுந்த மணி. மரச்சுத்தியல் அத்தனை வருஷம் பண்ணாததை ஒரே அடியில எது பண்ணும்? இரும்பு. இரும்புச் சுத்தியலோட நடமாடுற தொழில் யாருக்குன்னு நான் சொல்லல.”

“என்னய்யா சொல்ற?”

“இரும்புல அடிச்சா நாதம் கூட நேரம் நிக்குமான்னு போட்டிக்கு ஒத்திகை பாத்திருக்காங்க. உடைஞ்சதும் பயம். ஏறிக் கழட்ட மேசை வேணும். முடிச்சுட்டுத் திருப்பி வைக்கும்போது அரை இருட்டு, நாலு சுவரும் வெள்ளை, போர்டு இல்ல. எடுத்த இடம் பதட்டத்துல மறந்துபோச்சு, கண்ணும் ஏமாத்திடுச்சு, கால் மட்டும் பழைய வழியில நடந்துச்சு. தினம் இந்த மேசையைத் துடைக்குற பியூன் அதை அங்க வைக்க மாட்டான். டாக்டரம்மா இப்பத்தான் ஏன் அங்கன்னு கேட்டாங்க. சாவி மூணு பேர்கிட்டன்னீங்களே தலைவரே, இப்ப நீங்களே கழிச்சுப் பாருங்க.”

“மணி எங்க?” என்றார் டாக்டரம்மா.

“பாதிப் பீப்பாய் ராத்திரியோட ராத்திரியா நிறைஞ்சது எப்படின்னு என் மாப்பிள்ளையோட சட்டையைக் கேளுங்க.”

பியூன்தான் பீப்பாய்க்குள் கையை விட்டு எடுத்தான். சுண்ணாம்பு வழிய வந்த மணியைத் துணியால் துடைத்தாள் அவன் மனைவி. விளிம்பிலிருந்து தோள்வரை கீறல். கீறல் தொடங்கிய இடத்தில் சுத்தியல் முகத்தின் வட்டத் தழும்பு. பியூன் அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தான். மாப்பிள்ளைக்குத் தன் சட்டை மறந்துபோனது. இந்த மனுஷனையா போலீசில் கொடுப்பேன் என்றார் என்று தலைவரை முறைத்தார்.

தலைவர் பர்ஸை எடுத்தார். “சரிய்யா, ஏதோ நடந்துபோச்சு. புது மணி வாங்கித் தர்றேன். இதை வச்சுக்கம்மா. தப்பா நினைச்சுக்காதே.”

அவள் பர்ஸைப் பார்க்கவே இல்லை.

“திருடன்னு எங்க நின்னு சொன்னீங்க?”

“வாசல்ல.”

“எதுல சொன்னீங்க?”

அவர் பர்ஸை மூடினார்.

“மைக்குல சொன்னீங்க. நாலு சுவத்துக்குள்ள முனகினா அது கழியாது. சாயங்காலம் அதே மைக்குல, இல்லை இவரு இல்லை, நான்தான்னு சொல்லுங்க. காசு வேணாம்.”

சாயங்காலம் பந்தல் நிறைந்தது. போட்டி இல்லை. கீறிய மணியையே மேடையில் கட்டச் சொன்னார் டாக்டரம்மா. பியூன் மரச்சுத்தியலை எடுத்து அடித்தான். டொக். அவ்வளவுதான் சத்தம். ஆனால் வக்கீலும் வங்கி மேனேஜரும் பேரன் எடுத்தவர்களும், வகுப்பு முடிந்த பிள்ளைகளைப் போலத் தானாக எழுந்து நின்றார்கள். நடந்ததை டாக்டரம்மா மைக்கில் ஒளிக்காமல் சொன்னார். சொல்லி முடித்து, மேடையில் தலைவருக்குப் போட்ட நாற்காலிப் பக்கம் திரும்பினார். அது காலி. உடம்பு சரியில்லை என்று பின்வாசல் வழியாகக் கார் போய்விட்டிருந்தது.

“ஓடிட்டாரு பாருங்க” என்றார் மாப்பிள்ளை, பல்லைக் கடித்துக்கொண்டு.

“எங்க ஓடிடுவாரு?” என்றாள் அவள். “அடுத்த வருஷமும் விழா உண்டு. நானும் இதே சுவரோரம்தான் இருப்பேன்.”

மறுநாள் கடைக்குத் தேய்த்த சட்டைகள் வந்தன. எண்ணிப் பார்த்த தராசு, விலை எழுதும் சிலேட்டில் கணக்குப் போட்டார்:

வரவு: மணி ஒன்று, கீறலோடு. கஞ்சி போட்ட சட்டை இரண்டு.

செலவு: மாப்பிள்ளை சட்டை ஒன்று, சுண்ணாம்பில்.

பாக்கி: மன்னிப்பு ஒன்று, மைக்கோடு. தள்ளுபடி கிடையாது.