நாக்குக்கு அடியில்

அன்று காலை தேத்தண்ணி கசந்தது. சீனியை இன்னொரு கரண்டி அள்ளிப் போட்டும் கசப்பு போகவில்லை. சிறைச்சாலை நோயாளர் அறையில் பத்து வருசமாகத் தாதியாக இருக்கும் மனோரஞ்சிதத்துக்கு அது என்ன கசப்பென்று தெரியும். கைதி கஜேந்திரனுக்குத் தினமும் கொடுத்த தூக்க மாத்திரையின் கசப்பு.

கைதிக்கு மாத்திரை கொடுத்ததோடு தாதியின் வேலை முடியாது. நாக்கைத் தூக்கச் சொல்லி, அடியில் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அவளுக்கோ எப்போதும் ஹட்டன் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். ஒரு மாதமாக அவன் வாயை அவள் பார்க்கவேயில்லை. பார்த்ததாகப் புத்தகத்தில் எழுதினாள், அவ்வளவுதான். அவன் எல்லாவற்றையும் ஒளித்துச் சேர்த்து, ஒரே நாளில் விழுங்கிச் செத்துப்போனான்.

பழி அவன் அம்மா காளியாயி மேல் விழுந்தது. சோற்றுப் பார்சலுக்குள் மாத்திரை வைத்துக் கொடுத்தாளாம். பாவம், பொகவந்தலாவையிலிருந்து தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேலையை விட்டு வந்து, சிறை வாசலில் மழையில் நின்றாள்.

"நான் வெறுஞ் சோறுதான் குடுத்தேன் மிஸ். நீங்க உண்மைய சொல்லிருங்க."

மனோரஞ்சிதம் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். தினமும் வாயைப் பார்த்தாயா என்று ஜெயிலர் சிங்களத்தில் கேட்டார். வேலை போனால் பிள்ளைகளின் கதி என்ன? பார்த்தேன் என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டாள். காளியாயியைப் பிடித்து உள்ளே கொண்டு வரச் சொன்னார்கள்.

நோயாளர் அறைக்குத் திரும்பியபோது ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே இறங்கி, டெட்டோல் வாசத்தோடும் ஈரக் கம்பளி நாற்றத்தோடும் கலந்து, கஜேந்திரனின் வெறுங்கட்டிலைப் பாதி மறைத்திருந்தது. தகரக் கூரையில் மழை சொட்டியது. அதற்கு நடுவே யாரோ எதையோ நாக்கால் புரட்டிப் புரட்டிச் சப்பும் சத்தம்.

கட்டில் கிறீச்சிட்டது.

வெறுங்கால் நடை. அவளுக்குப் பின்னால் வந்து நின்றது.

"வாயத் திறங்க மிஸ்."

வாய் தானாகத் திறந்தது. எதிரே கைகழுவும் இடத்துக் கண்ணாடி.

"நாக்கத் தூக்குங்க."

தூக்கினாள். அடியில் வெள்ளை வெள்ளையாக மாத்திரைகள். ஈரமாக. நெருக்கமாக. துப்பினாள். மறுபடி நிறைந்தன. துப்பினாள். நிறைந்தன.

வெளியே நடைவழியில் காளியாயி அலறினாள். நான் பார்க்கவில்லை, நான் பார்க்கவேயில்லை என்று கத்தப் பார்த்தாள் மனோரஞ்சிதம். வாயில் இடமில்லை.

கண்ணாடியில் டோர்ச் எரிந்தது. அதைப் பிடித்த கை இல்லை. வெளிச்சம் மட்டும் அவள் வாய்க்குள் நிதானமாகப் பார்த்துக்கொண்டே இருந்தது.