இரண்டு மதலேனாள்கள்

காலை ஏழு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் மரபுத்தேடி இயந்திரத்தை இயக்குவேன். அதற்குள் ஆவண அறை வாசலில் வரிசை நின்றுவிடும். செம்மண்குளம் தேவாலயப் பங்கில் எல்லோரும் ஆண்டுக்கொருமுறை வேர்ச்சான்றைப் புதுப்பிக்க வேண்டும். ஆறு தலைமுறையாக இங்கே வாழ்ந்ததற்கு ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய பதிவேடுகள் சாட்சி சொன்னால்தான் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும்.

மரபுத்தேடி வேலை செய்யும் விதம் அழகானது. அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. செல்லரித்த பக்கத்தில் பாதிரியார் கிறுக்கிய இலத்தீனைக்கூட வாசித்துவிடும். பெயர், தகப்பன், தாய் மூன்றும் ஒத்துப்போனால் பதிவுகளை ஒரே ஆளாக்கி முடிச்சுப் போடும். அப்படித்தான் வம்சம் இழை இழையாக நீளும். வருடிப் படமெடுத்து முடித்த ஏடுகளை வேர்ச்சான்றுத் தலைமையகம் எரித்துவிட்டது. இடத்தை அடைக்கின்றனவாம்! இந்த ஆண்டு ஒரு புது விதி வேறு: இறந்தவர் பெயரில் பிறகு வரும் பதிவு எதுவும் செல்லாது.

அன்று வரிசையில் முதலில் நின்ற பிரகாசியின் சான்றில் சிவப்பு எரிந்தது. மூன்று நாளாக அவள் வீட்டுக் குழாய் அடைபட்டிருந்தது.

"ஒன் வம்சத்துல மதலேனாள். தகப்பன் இன்னாசி, தாய் சூசையம்மாள். ரெண்டு வயசுல வாந்திபேதியில அடக்கம். இருவது வருசம் கழிச்சுக் கல்யாணம்" என்று வாசித்தேன்.

"செத்தவளுக்கு எப்படி அண்ணாச்சி கல்யாணம் நடக்கும்? அது அடுத்துப் பொறந்தவ. போன பிள்ள பேரத்தான வந்த பிள்ளைக்கு வைப்பாவ! ஒங்க மிஷினுக்கு இதுகூடவா தெரியாது?"

"எனக்குத் தெரியும் தங்கச்சி. அது ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிட்டு. பிரிக்க வழியில்ல. பிழைப் பதிவுன்னு நீக்க மட்டுந்தான் விடும்."

"எத நீக்கணும்?"

"மூத்தவள. பொறந்தது, செத்தது, ரெண்டையும்."

பிரகாசி மேசையில் ஓங்கி அடித்தாள். "எவன் போட்ட சட்டம் இது? அவன் வீட்ல ஒரு பிள்ளகூடச் சாகலயா? படுக்கையில கெடக்க எம்மாமியாருக்குத் தொண்ட நனைக்கத் தண்ணியில்ல. அதுக்கு இந்தச் சின்னக்குட்டிய நாங் கொல்லணுமா?"

அவள் மூச்சு இறங்க நேரமானது.

"அழிங்க. அதுக்கு முன்ன அவ பேரச் சத்தமா வாசிங்க. தெருவுக்குக் கேக்கணும்."

வாசித்தேன். வரிசையில் பின்னால் நின்ற மிக்கேல் குரல் கொடுத்தார்: "எங்க வீட்லயும் அப்படி ஒண்ணு கெடக்கும் வே. பாரும்."

சாயங்காலத்துக்குள், அதே வாந்திபேதி ஆண்டில் செத்த நாற்பத்தொரு குழந்தைகளை என் விரலாலேயே நீக்கியிருந்தேன். ஒவ்வொரு பெயரையும் கத்தி வாசித்ததில் தொண்டை கிழிந்திருந்தது. ஊரில் எல்லாக் குழாய்களும் திறந்தன.

மறுநாள் தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்தது. கோயில் கதவில் ஒட்டச் சொல்லியிருந்தார்கள்: "உங்கள் பங்கின் வரலாறு சீரானது. வாந்திபேதி ஆண்டில் செம்மண்குளத்தில் ஒரு குழந்தைகூட இறக்கவில்லை."