தலைகீழ்த் தூண்

மழைக்காலத்தில் பழைய வீட்டைப் பிரிக்க எந்தத் தச்சனும் ஒப்புக்கொள்ள மாட்டான். வீட்டுக்காரர் உட்சுமியின் மகள் சிசாத்தோ தலைப்பிரசவத்துக்கு வருகிறாள் என்பதால் நான் ஒப்புக்கொண்டேன். ஜப்பானின் பீவா ஏரிக்கரையில் இருந்த அந்த வீட்டின் பின்னறையில் தரையில் பதித்த பாயெல்லாம் பூஞ்சணம். தரைப்பலகை கால் வைத்ததும் ரஸ்க் மாதிரி நொறுங்கியது. ஈர வாடை தொண்டையைப் பிடித்தது.

"அந்த ரூம்லதான் படுப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, மேஸ்திரி. தோட்டம் தெரியுதாம்," என்றார் உட்சுமி.

நடுத்தூணைத் தட்டிப் பார்த்தேன். தூண் என்றால் அடியிலிருந்துதான் இற்றுப்போகும். இது உச்சியிலிருந்து இற்றிருந்தது. கூரையிலோ ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. கணுக்களின் சாய்வைப் பார்த்ததும் புரிந்தது. மரத்தின் வேர்ப்பக்கம் மேலே இருந்தது. தலைகீழாக நட்ட தூண் வீட்டுக்கு ஆகாது என்பது எங்கள் தொழிலில் கற்றுக்குட்டிக்கும் தெரியும்.

"கட்டினவன் வேணும்னே செஞ்சிருக்கான். யார் வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டீங்க?"

உட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்க கொள்ளுத்தாத்தா பண்ணின பாவம். இங்க வேலை செஞ்ச ஒஷினோவைக் கெடுத்துட்டாரு. அவளுக்கு வலி வந்ததும் மழையில வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டாரு. இதே இடத்துலதான் தாயும் புள்ளையும் போச்சு. சாவுச் சடங்குகூடச் செய்ய விடல. அப்புறம் இங்கயே ஒரு ரூம் கட்டச் சொன்னாரு. யார்கிட்ட தெரியுமா? தச்சன் கென்கிச்சிகிட்ட. அவளோட அப்பன்கிட்ட!"

"அப்போ இது சாபந்தான்."

கென்கிச்சி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தால் வீட்டையே கொளுத்தியிருப்பேன். ஆனால் பிறக்கப்போகும் குழந்தை என்ன பாவம் செய்தது? உத்தரத்துக்கு முட்டுக்கொடுத்துத் தூணைக் கழற்றினேன். பழைய வீட்டில் நல்ல மரம் ஒரு துண்டுகூட வீணாகக் கூடாது. இற்ற பகுதியை மட்டும் அறுத்தெறிந்து, புது மரம் ஒட்டுப்போட்டு, வேர்ப்பக்கம் கீழே வரும்படி நிறுத்தினேன். ஈரம் போன இடம் தெரியவில்லை. என் வேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

சிசாத்தோ வந்த பிறகு, புதுப் பாய்கள் சரியாக அமைந்திருக்கின்றனவா என்று பார்க்க ஒரு பிற்பகல் போனேன். நல்ல மழை. நிறைமாத வயிற்றோடு அந்த அறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

என் பார்வை அவள் உடையில் நின்றது.

கிமோனோ அங்கியின் இடது மடிப்புதான் மேலே வர வேண்டும். அவளுக்கு வலது மடிப்பு மேலே இருந்தது. பிணத்துக்குத்தான் நாங்கள் அப்படி உடுத்துவோம்.

"என்னம்மா இது? யாரு கட்டிவிட்டது?"

"புதுசா வந்த வேலைக்காரப் பொண்ணு, மாமா. பாவம், நல்லவ. கைதான் எப்பவும் சொதசொதன்னு ஈரமா இருக்கு."

உட்சுமி வீட்டில் வேலைக்காரியே கிடையாது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செத்தவர்களுக்கு நாங்கள் எல்லாவற்றையும் தலைகீழாகத்தான் செய்வோம். உடை, பிணத்தருகே நிறுத்தும் மறைப்புத் திரை, குளிப்பாட்டத் தண்ணீர் கலப்பதுகூட அப்படித்தான். கென்கிச்சி சாபம் வைக்கவில்லை. மகளுக்கு மறுத்த சடங்கை, யாருக்கும் தெரியாமல், தனக்குத் தெரிந்த தொழிலில் செய்திருக்கிறான். அவளைத் தூங்க வைத்திருக்கிறான்.

நான் எழுப்பிவிட்டேன்.

"ஐயா! ஓடி வாங்க! தூணத் திரும்பத் தலைகீழா மாத்தணும்!" என்று கத்திக்கொண்டே முன்கட்டுக்கு ஓடினேன். உட்சுமியோடு திரும்பியபோது அறைக்கதவு சாத்தியிருந்தது. இருவரும் சேர்ந்து இழுத்தோம். அசையவில்லை.

"அப்பா!"

குரல் தோட்டத்திலிருந்து வந்தது.

சுற்றிக்கொண்டு ஓடினோம். கொட்டும் மழையில் சிசாத்தோ அறையின் வெளிக்கதவை அறைந்துகொண்டிருந்தாள்.

"வலிக்குதுன்னு சொன்னேன்ப்பா... அவ என்னைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டா..."

சாத்திய கதவுக்கு உள்ளே, அப்போதுதான் பிறந்த குழந்தை ஒன்று வீறிட்டது.

சிசாத்தோ குனிந்து தன் வயிற்றைத் தடவினாள். வயிறு தட்டையாக இருந்தது.

உள்ளே ஒருத்தி மெல்லத் தாலாட்டத் தொடங்கினாள்.